கையால் கற்கும் ஊர்

வெளியூர்களில் குடியேறி வாழும் நம்மவர் வீட்டிற்கு விருந்தினர் ஒருவர் வந்து அமர்ந்ததும், அங்குள்ள குழந்தையை அழைத்துக் கேட்கும் முதற்கேள்வி, "உனக்கு எந்த ஊர், அம்மா?" என்பதே. கேட்பவருக்கு அது எளிய கேள்வி. விடை சொல்ல வேண்டிய குழந்தைக்கோ அது கணக்குப் பரீட்சையைக் காட்டிலும் கடினமாகிவிடுகிறது.

தில்லியில் நாம் சென்றிருந்த ஓர் இல்லத்தில் இதைக் கண்ணாரக் கண்டோம். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, "தில்லி" என்று தயக்கமின்றிச் சொன்னாள். உள்ளேயிருந்து பாட்டியின் குரல் வந்தது: "அப்படிச் சொல்லக் கூடாது கண்ணே, நமக்குக் கும்பகோணம்!" சிறுமியின் முகம் சுருங்கிவிட்டது. அவள் பிறந்ததும் வளர்ந்ததும் தில்லியில். கும்பகோணத்தை அவள் பார்த்தது இரண்டு கோடை விடுமுறைகளில், பத்துப் பத்து நாட்கள். ஆயினும் பாட்டி சொன்னதும் பொய்யன்று. இருவர் கூறியதும் உண்மையாக இருக்க, குழந்தை மட்டும் ஏதோ குற்றம் செய்தவளைப் போலத் தலைகுனிந்து நின்றாள்.

அதே அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதனுள் வெண்ணிறத் தெர்மோகோலில் செய்த தஞ்சைப் பெரிய கோயில் மிக நேர்த்தியாக நின்றது. "பள்ளிக்கூடத்தில் முதற் பரிசு பெற்றது" என்றார் தாயார். "நீயா செய்தாய்?" என்று சிறுமியைக் கேட்டோம். "இல்லை, கடையில் செய்து கொடுத்தார்கள்" என்றாள், ஒளிவு மறைவின்றி. இராசராசன் எழுப்பி 1010ஆம் ஆண்டில் நிறைவேற்றிய அந்தக் கோயில், தன் பாட்டியின் ஊரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கோயில் வீட்டிற்குள் வந்துவிட்டது, ஊர் வரவில்லை.

இக்குறையை நீக்கும் வழி ஒன்றைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம். வழி புதியதன்று. 1937ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மாநாடு ஒன்று கூடியது. அதையொட்டி ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு, பிள்ளைகளின் படிப்பு தாய்மொழியில் நடக்க வேண்டும், ஒரு கைத்தொழிலை நடுவாகக் கொண்டு மற்றப் பாடங்கள் அதனோடு இணைய வேண்டும் என்று வகுத்தது. ஆதாரக் கல்வி என நாம் அழைத்தது அதனையே. அக்குழுவில் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் இருந்தார், யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும் இருந்தார். ஆரியநாயகம் தம் துணைவியார் ஆஷா தேவியுடன் சேவாகிராமத்திலேயே தங்கி அக்கல்விக்காக உழைத்தவர். சொந்த ஊரை விட்டு வந்த தமிழர் இருவருக்கு இதில் பங்கிருந்தது என்பதை நாம் நினைவிற் கொள்வது தகும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் பத்து நாட்கள் புத்தகப் பையின்றித் தச்சர், குயவர், தோட்டக்காரர் முதலியோரிடம் தொழில் பழக வேண்டும் என்கிறது. பள்ளிக்கூடம் செய்வதைப் பள்ளிக்கூடம் செய்யட்டும். நம் வீட்டுக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தில், காசு செலவின்றிச் செய்யத்தக்கவை மூன்றை இங்குக் கூறுவோம். அந்தச் சிறுமியின் வீட்டிலேயே அவை நடந்தேறின.

முதல் வேலை: ரயில் சுருள்

சென்னைக்கும் தில்லிக்கும் இடையே ரயில் பாதை ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். பத்துக் கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டராகக் கொண்டால், 218 சென்டிமீட்டர் நீளமுள்ள காகிதப் பட்டையில் முழுப் பாதையும் அடங்கிவிடும். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறம் இதற்குப் போதும். உள்ளங்கை அகலத்தில் கத்தரித்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டுவதற்கு ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி மைதா மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் கிளறிக் காய்ச்சிய பசையே சாலச் சிறந்தது. பூச்சி வராதிருக்கப் பெரியவர்கள் துத்தம் கலப்பதுண்டு, அது நஞ்சு. குழந்தைகள் கை வைக்கும் பசையில் அது வேண்டா. அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்வதே நலம்.

பட்டை காய்ந்ததும் ஒரு நுனியில் தில்லி, மறு நுனியில் சென்னை. தில்லியிலிருந்து அளந்தால் ஆக்ரா ஏறத்தாழ 195 கிலோமீட்டர்; குவாலியர் 313; ஜான்சி 410; போபால் 700; நாக்பூர் 1,090; விஜயவாடா 1,750. குழந்தையே அளவுகோலை வைத்துப் புள்ளியிடட்டும். நாக்பூர் பட்டையின் சரிபாதியில் வந்து விழுவதைக் கண்டு அவள் வியப்பாள். பின்னர் ஆறுகளை நீல நூலால் குறுக்கே ஒட்டலாம்: தோல்பூருக்கு அருகில் சம்பல், போபாலைத் தாண்டி நர்மதை, தெலங்கானத்தில் கோதாவரி, விஜயவாடாவில் கிருஷ்ணை, நெல்லூரில் பெண்ணை. ஒவ்வொரு பகுதியிலும் விளைவதில் ஒரு சிட்டிகை எடுத்துச் சிறு காகிதப் பொட்டலத்தில் வைத்துத் தைக்கலாம்: வடக்கே கோதுமை, விதர்ப்பத்தில் பஞ்சு, கிருஷ்ணைக் கரையில் நெல்.

இனி ஊர்ப் பலகைகள். மஞ்சள் அட்டையில் கறுப்பு எழுத்தில் நிலையப் பெயர்களை எழுதி நட்டு வைத்தால், எழுத்து எங்கே மாறுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். தமிழ் எழுத்து நின்று தெலுங்கு எழுத்து தொடங்கும். பிறகு தேவநாகரி வரும். மராத்தியும் இந்தியும் ஒரே எழுத்தில் எழுதப்படும் இரு வேறு மொழிகள் என்பதைக் குழந்தை அங்கேதான் அறிவாள்.

இந்த இடத்தில் நாம் எதிர்பாராதது ஒன்று நிகழ்ந்தது. அவ்வீட்டுத் தாத்தா அதிகம் பேசாதவர். மூலையில் நாற்காலியில் பத்திரிகையும் கையுமாக இருப்பார். பேத்தி தரையில் சுருளை விரித்து, "தாத்தா, நாக்பூருக்குப் பிறகு மலை வருமா?" என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கீழே வந்து அமர்ந்தார். "வரும் அம்மா, சாத்புரா மலை. சுரங்கத்துக்குள் வண்டி போகும். சன்னலை மூடாவிட்டால் கரிப்புகை உள்ளே வந்துவிடும்" என்றார். 1964ஆம் ஆண்டில், இருபத்தொரு வயதில், ஒரு தகரப் பெட்டியும் படுக்கைச் சுருட்டுமாக அவர் இப்பாதையில் முதன்முறை வந்திருக்கிறார். இரண்டு இரவுகள் பயணம். "விஜயவாடாவில் சோறு கிடைத்தது. அதற்கப்பால் பலகையைப் பார்த்தேன். ஓர் எழுத்தும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அப்போதுதான் ஊரை விட்டு வந்துவிட்டோம் என்று தெரிந்தது" என்றார். மகனுக்கும் அவர் இதைச் சொன்னதில்லை. எவரும் கேட்டதில்லை, அவ்வளவே.

அவர் வந்தபோது அப்பாதை சென்னை மாநிலம், ஆந்திரம், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், இராஜஸ்தான், பஞ்சாப் ஆகியவற்றின் வழியே சென்றது. பஞ்சாபிலிருந்து 1966இல் அரியானா பிரிந்தது. சென்னை மாநிலம் 1969இல் தமிழ்நாடு என்ற பெயர் பெற்றது. 2014இல் தெலங்கானம் தனி மாநிலமாயிற்று. ஆகவே சுருளின் மேல் விளிம்பில் தாத்தாவின் 1964ஆம் ஆண்டு எல்லைகளையும், கீழ் விளிம்பில் இன்றைய எல்லைகளையும் இரு வண்ணங்களில் தீட்டினார்கள். தண்டவாளம் அசையவில்லை, எல்லைகள் அசைந்திருக்கின்றன என்பதை அச்சிறுமி தானே கண்டு சொன்னாள். வரலாறு, புவியியல், குடிமையியல் மூன்றும் ஒரு காகிதப் பட்டையில் சேர்ந்துவிட்டன.

மும்பையில் வாழும் அன்பர்கள் ஏறத்தாழ 1,280 கிலோமீட்டரில் குண்டக்கல், இராய்ச்சூர், சோலாப்பூர், புனே வழியாகத் தங்கள் சுருளைச் செய்யலாம். துங்கபத்திரை, கிருஷ்ணை, பீமா என மூன்று ஆறுகளும், முடிவில் போர் மலைக்கணவாயின் இறக்கமும் அதில் உண்டு. கொல்கத்தாவினர்க்குப் பாதை ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். இராஜமுந்திரியில் கோதாவரியும் கட்டாக்கில் மகாநதியும் கிடைக்கும்.

இரண்டாம் வேலை: தாம்பாளத்தில் ஓர் ஆறு

ரயில் நிலையப் பலகைகள் பெரும்பாலானவற்றில் கடல் மட்டத்திற்கு மேல் எத்தனை மீட்டர் உயரம் என்பது எழுதியிருக்கும். சென்னை கடலோரத்தில் சில மீட்டர் உயரமே. நாக்பூர் ஏறத்தாழ 310 மீட்டர். போபால் ஏறத்தாழ 500. தில்லி ஏறத்தாழ 215. சுருளில் இவ்வெண்களைக் குறித்ததும் குழந்தை கேட்கும் அடுத்த கேள்வி, "உயரம் இருந்தால் என்ன?" என்பது. அதற்கு விடை சொல்லத் தண்ணீரையே அழைக்க வேண்டும்.

பழைய தாம்பாளம் ஒன்றில் ஈர மணலைப் பரப்பி, ஒரு பக்கத்தின் கீழே சிறு பலகைத் துண்டை வைத்து உயர்த்துக. உயர்ந்த பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. தாழ்ந்த பக்கம் வங்கக் கடல். மேட்டிலிருந்து கரண்டியால் மெல்ல மெல்லத் தண்ணீர் ஊற்றுக. முதலில் நீர் ஒரே வாய்க்காலாக மணலை அறுத்துக்கொண்டு ஓடும். சரிவு குறையுமிடத்தில் வேகம் தளரும்; சுமந்து வந்த மணலை அங்கே போட்டுவிடும்; தான் போட்ட மணலே தடையாகி, இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து விசிறி போல் விரியும். குடகில் தலைக்காவிரியில் பிறந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிவரும் காவிரி தஞ்சைத் தரணியில் செய்திருப்பதும் இதுவே. திருவரங்கத்திற்கு மேற்கே முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதைக் குச்சியால் கீறிக் காட்டலாம். மேட்டின் அடிவாரத்தில் தீக்குச்சிகளை வரிசையாக நட்டுக் களிமண் பூசினால் அது மேட்டூர் அணை. 1934இல் கட்டி முடிக்கப்பட்டது.

அணையின் பின்னே நீர் தேங்குவதைக் கண்டதும் சிறுமி எழுந்து பாட்டியிடம் ஓடினாள். பாட்டி தில்லிக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகியும், ஆனி ஆடி மாதங்களில் நாள்தோறும் "மேட்டூரில் எத்தனை அடி?" என்று மகனைக் கேட்டுக்கொண்டிருப்பவர். வீட்டார்க்கு அது ஒரு வேடிக்கையாகவே இருந்து வந்தது. அணையின் முழு மட்டம் 120 அடி. ஜூன் 12ஆம் தேதி பாசனத்திற்கு நீர் திறப்பது வழக்கம். நீர் போதாத ஆண்டில் அந்நாள் தள்ளிப்போகும். குறுவை நடவு தவறும். நிலத்தை விற்றுவிட்டு வந்த பின்பும் பாட்டியின் மனம் அந்த அளவுகோலை விடவில்லை. தாம்பாளத்தில் தீக்குச்சி அணையைப் பார்த்த பிறகுதான், பாட்டி கேட்பது வேடிக்கையன்று என்பது பேத்திக்குப் புரிந்தது.

தில்லிக் குழந்தைக்குச் சொந்தமாகவும் ஓர் ஆறு உண்டு. 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் யமுனையின் நீர்மட்டம் தில்லியில் 208.66 மீட்டரைத் தொட்டது. 1978ஆம் ஆண்டின் 207.49 மீட்டர் என்ற பழைய உச்சத்தையும் அது கடந்துவிட்டது. சாலைகளில் நீர் புகுந்த அந்நாட்கள் அச்சிறுமியின் நினைவில் இருந்தன. ஆகவே சுவரில் இரண்டு காகித அளவுகோல்கள் ஒட்டப்பட்டன. ஒன்று மேட்டூர், மற்றொன்று யமுனை. மழைக்காலம் முழுவதும் செய்தியில் வரும் எண்ணைப் பார்த்துப் பாட்டி ஒன்றிலும் பேத்தி மற்றொன்றிலும் கோடிடுகிறார்கள். ஒன்று அடிக்கணக்கு, மற்றொன்று கடல் மட்டத்திலிருந்து மீட்டர்க் கணக்கு. இரண்டையும் நேரே ஒப்பிடலாகாது என்பதும் ஒரு பாடந்தானே!

மூன்றாம் வேலை: காகிதக் கூழில் மனிதர்கள்

நம் பாட்டிமார் பழங்காகிதத்தைக் கிழித்து ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து, பானையின் மேல் அப்பிக் காயவைத்துக் கூடை செய்தார்கள். அதே கூழில் பொம்மைகள் செய்யலாம். இரண்டு நாள் ஊறிய செய்தித்தாளைப் பிழிந்து, ஊறிய வெந்தயத்துடன் அரைத்தால் வெண்ணெய் போன்ற பதம் வரும். விரல் நீளத்திற்கு மேல் கனமாகச் செய்தால் உட்புறம் காயாது. குச்சியின் மேல் மெல்லியதாக அப்பி, நிழலில் ஓரிரு நாட்களும் பிறகு வெயிலிலும் வைக்க வேண்டும்.

நவராத்திரிக் கொலுவிற்கு இப்பொம்மைகள் பெரிதும் உதவும். கொலு வைக்கும் வழக்கமில்லாத வீடுகளில் கிறிஸ்துமஸ் குடிலைச் சூழ்ந்த சிற்றூராகவோ, வெறும் மேசை மேல் ஒரு தெருவாகவோ அமைக்கலாம். விற்பனைக்கு வரும் பொம்மைகளின் ஊர்களையும் குழந்தைகள் அறிய வேண்டும். பண்ருட்டியும் மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியும் மண் பொம்மைக்குப் பேர்பெற்றவை. மரப் பொம்மைக்குப் பேர்பெற்ற கொண்டபள்ளி, விஜயவாடாவை அடுத்து நம் ரயில் சுருளிலேயே இருக்கிறது. தில்லியில் உத்தம் நகரின் குயவர் குடியிருப்பில் சக்கரம் சுழல்வதை நேரிற் காணலாம். மதுராவில் காகிதத்தைக் கத்தரித்துச் செய்யும் சாஞ்சிக் கலையும், நவராத்திரி நாட்களில் அரியானாவில் பெண்கள் சுவரில் மண்ணால் அமைக்கும் சாஞ்சி உருவமும் நம் கொலுவுக்கு உறவு முறையில் அண்டை வீட்டாரே.

ஆயின் யாருடைய உருவத்தைச் செய்வது? தெய்வங்களும் அரசர்களும் கடையில் கிடைப்பார்கள். நம் வாழ்வு எவருடைய உழைப்பால் நடக்கிறதோ அவர்களைக் குழந்தை கையால் செய்யட்டும் என்று சொன்னோம். சிறுமி தன் தெருவில் துணி தேய்ப்பவரையும், காய்கறி வண்டிக்காரரையும், பாட்டியின் ஊர் நாற்று நடும் பெண்ணையும் செய்யத் தொடங்கினாள். வண்டிக்காரரின் தலைப்பாகை எவ்வாறு கட்டப்படுகிறது என்று பார்த்துவரக் கீழே சென்றவள், அவரிடம் தன்னை எல்லாரும் கேட்கும் கேள்வியையே கேட்டுவிட்டு வந்தாள்: "உங்களுக்கு எந்த ஊர்?" அவர் கோரக்பூர்ப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். அவருடைய பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவரும் ரயிலில்தான் வந்தவர். "அவருக்கும் ஒரு சுருள் இருக்கிறது" என்று அவள் நம்மிடம் சொன்னாள். அதன் பிறகு இரண்டாவது பட்டை ஒன்று ஒட்டப்பட்டது. அது தில்லியிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றது. அதிலுள்ள நிலையங்களை அந்த வண்டிக்காரரே சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

இவ்வேலைகளில் பெற்றோர் காக்க வேண்டிய நோன்பு ஒன்றே: தம் கையைப் பின்னால் கட்டிக்கொள்வது. அடுப்பும் கூரிய கத்தியும் நம் கையில் இருக்கட்டும். மற்றவை குழந்தையின் கையில் இருக்க வேண்டும். குவாலியர் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால் விழட்டும். அடுத்த ஞாயிறு தானே அளந்து திருத்துவாள். அழகாக இல்லை என்று நாம் எடுத்து ஒட்டிக்கொடுத்தால், அது மீண்டும் கடையில் வாங்கிய கோயிலாகிவிடும்.

வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கு நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானதே. வாரத்திற்கு ஒரு மணி போதும். ஒரு சுருள் முடிய இரண்டு மாதம் ஆனாலும் குறையில்லை. தந்தைமாருக்கும் இரண்டு கைகள் உண்டு என்பதையும் நினைவூட்டுகிறோம். உடன் முதியோர் இல்லாத வீடுகளில் தொலைபேசி வழியே ஊரில் உள்ளவர்களைக் கேட்கலாம். ஒரே எச்சரிக்கை: நம் ஊரைப் புகழ்வதற்காக வாழும் ஊரை இகழ வேண்டா. ஒன்றைத் தாழ்த்தித்தான் மற்றொன்றைக் குழந்தை நேசிக்க முடியும் என்று எண்ணினோமானால், முடிவில் அவள் இரண்டையும் இழப்பாள்.

காலந் தாழ்த்த வேண்டா என்றும் பணிவுடன் கூறுகிறோம். 1950களிலும் 1960களிலும் தகரப் பெட்டியுடன் வந்து இறங்கியவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அவர்கள் வந்த வழி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அதைக் கேட்க ஒரு காரணம் வேண்டும். இரண்டு மீட்டர் காகிதமும் கொஞ்சம் பசையும் அக்காரணத்தைத் தரும்.

சென்ற மாதம் அவ்வீட்டிற்கு மறுபடியும் போனோம். நம்முடன் வந்த அன்பர் ஒருவர், வழக்கம்போலச் சிறுமியை அழைத்து, "உனக்கு எந்த ஊர், அம்மா?" என்றார். இம்முறை அவள் தலைகுனியவில்லை, விடையும் சொல்லவில்லை. உள்ளே சென்று சுருளை எடுத்து வந்து, ஒரு நுனியை அவர் கையில் கொடுத்துவிட்டு, மறு நுனியைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் குறுக்கே பின்னோக்கி நடக்கலானாள். நாக்பூர் வந்தபோது தாத்தா எழுந்து வந்து நடுவில் தாங்கிக்கொண்டார்.